கேடிப் பட்டியலும் பிறந்தநாள் விடுதலையும்

"கேடி" என்று ஒரு சொல் வழக்கத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில், சொன்ன பேச்சுக் கேட்காத பேரனைக்கூடப் பாட்டி "சரியான கேடிப்பயல்" என்று செல்லமாகத் திட்டுவாள். இது தமிழ்ச் சொல் அல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் போலீஸ் நிலையத்தில் வைத்திருந்த ஒரு ரிஜிஸ்தரின் பெயர். "தெரிந்த கொள்ளைக்காரன்" என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைச் சேர்த்துப் போலீசார் "கே.டி." என்று எழுதினார்கள். எழுத்துக்கள் ஊருக்குள் நடந்து வந்து சொல்லாகிவிட்டன.

அந்த ரிஜிஸ்தரில் பெயர் ஏறுவது சுலபம். இறங்குவது கடினம். ஊரில் எந்தப் பூட்டு உடைந்தாலும், பெயர் ஏறியவன் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்படும்.

தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே கைதிகளை விடுதலை செய்யலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், இந்தக் கேடியும் கூடவே எழுந்து வந்து நிற்கிறான். "விட்டால் மறுபடியும் செய்வான்" என்பது ஒரு கட்சி. "இத்தனை வருஷம் உள்ளே கிடந்தது போதாதா?" என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. சீக்கிரம் விடப்படுகிறவன் ஒருவன். திரும்பத் திரும்ப ஜெயிலுக்கு வருகிறவன் வேறொருவன். இருவரையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தினால், நிறை எப்படிச் சரியாக இருக்கும்?

உப்பு விற்றவர்கள்

முதலில் திரும்பத் திரும்ப வருகிறவனைப் பார்க்கலாம். அவன் கதையைச் சேலம் ஜில்லா அறிந்த அளவுக்கு வேறு பல ஜில்லாக்கள் அறிந்ததில்லை.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது வாழப்பாடி. பாக்கும், மரவள்ளிக் கிழங்கும், கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளுமாக உழைத்துப் பிழைக்கும் ஊர். தமிழ்நாடு சர்க்காரின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் புரட்டினால், இந்தச் சாலையின் இரண்டு முனைகளும் அதில் தென்படும். "சேலம் உப்புக் குறவர்", "சேலம் மேல்நாடு குறவர்", "ஆத்தூர் கீழ்நாடு குறவர்", "ஆத்தூர் மேல்நாடு குறவர்" என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. வாழப்பாடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சட்டப்படி "பிறவிக் குற்றவாளிகள்".

உப்புக் குறவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? கடற்கரை உப்பை மாட்டின் முதுகில் பொதியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, அதைத் தானியத்துக்கு மாற்றி, தானியத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் அவர்கள். ஊர் ஊராகப் போவதுதான் அவர்கள் தொழில். கும்பெனியார் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். பிறகு ரயில் வந்தது. ஆயிரம் மாடுகள் சுமந்த உப்பை ஒரு கூட்ஸ் வண்டி சுமந்தது. பொதிமாடு போயிற்று; பிழைப்பும் போயிற்று. ஆனால் ஊர் ஊராகப் போகும் வழக்கம் மட்டும் போகவில்லை. தொழில் இல்லாமல் திரிகிறவன் திருடனாகத்தான் இருப்பான் என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள்.

1871-ல் வடநாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியை முழுவதுமாகக் குற்றப் பரம்பரை என்று கெஜட்டில் அறிவித்துவிடலாம். அந்த ஜாதியில் பிறந்த ஆண்மகன் கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஜனங்கள் அதை "ரேகைச் சட்டம்" என்றார்கள். குற்றம் செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பது பழைய சட்டம். குற்றம் செய்யாதவனையும் தாயின் வயிற்றிலிருந்தே பிடித்து வைப்பது இந்தப் புதிய சட்டம்.

மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந்தேதி ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீசார் சுட்டார்கள். பலர் செத்து விழுந்தார்கள். பிறகும் 27 ஆண்டு காலம் சட்டம் உயிரோடு இருந்தது. முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றவர்கள் மேடை மேடையாக அதை எதிர்த்துப் பேசினார்கள். கடைசியில் 1947-ல், ஓமந்தூரார் மந்திரி சபையில் டாக்டர் சுப்பராயன் போலீஸ் மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் அது ரத்தாயிற்று. சுப்பராயன் வேறு யாருமல்ல; திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். அன்றைய சேலம் ஜில்லா, இன்றைய நாமக்கல் ஜில்லா. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்டு 31-ந்தேதி.

சட்டம் போயிற்று. ஆனால் அது போன அடுத்த ஆண்டே, 1948-ல், "வழக்கமான குற்றவாளிகள்" மீது கட்டுப்பாடு விதிக்க இங்கே வேறொரு சட்டம் வந்துவிட்டது. இது பிறப்பைப் பார்ப்பதில்லை. எத்தனை தடவை தண்டிக்கப்பட்டான் என்று பார்க்கிறது. காகிதத்தில் பெரிய வித்தியாசம்தான். நடைமுறையில்? நேற்றுவரை ரேகைச் சட்டத்தில் இருந்தவன் மேல் எத்தனை பழைய வழக்குகள் இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா! ரிஜிஸ்தர் மாறியது, பெயர்கள் பெரும்பாலும் மாறவில்லை.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜெயில்களில் ஜாதி பார்த்து வேலை கொடுப்பதையும், ஜாதி பார்த்துக் கைதிகளைப் பிரித்து வைப்பதையும் எதிர்த்து சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. பல மாநிலங்களின் ஜெயில் விதிகளில், சீர்மரபினரை "வழக்கமான குற்றவாளி" என்றே வைத்து எழுதியிருந்ததைத் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் இருந்த பெஞ்சு எடுத்துக்காட்டி, அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஜெயில் ரிஜிஸ்தரில் ஜாதிக் கட்டத்தையே அடிக்கச் சொன்னது. வழக்கமான குற்றவாளிகள் சட்டம் இன்னும் தேவைதானா என்று மாநிலங்கள் யோசிக்க வேண்டும் என்ற கருத்தையும் தெரிவித்தது. சட்டம் ரத்தாகி 72 ஆண்டுக்குப் பிறகு இப்படி ஒரு தீர்ப்பு அவசியமாக இருந்தது என்றால், அந்தப் பெயர் எவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டிருந்தது பாருங்கள்.

ஆயுள் என்றால் எத்தனை வருஷம்?

இனி மற்ற ஆள். சீக்கிரம் விடப்படுகிறவன்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் சென்ட்ரல் ஜெயில் 1862-ல் ஏற்பட்டது. 1950 பிப்ரவரி 11-ந்தேதி கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஜெயிலில்தான். 1995 ஏப்ரல் 27-ந்தேதி ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். தூக்கு என்பது அபூர்வம். இப்படிப்பட்ட ஜெயில்களில் நெடுங்காலம் இருப்பவர்கள் ஆயுள் கைதிகள்.

"ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். இது தவறு. காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தன் காலம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று வழக்குப் போட்டார். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பதில்: ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான், சர்க்கார் குறைத்தாலொழிய தானாக வெளியே வரும் நாள் என்று ஒன்று கிடையாது. 1964-ல் அவர் வெளியே வந்ததும் சர்க்கார் உத்தரவினால்தான்.

அந்த 14 எங்கிருந்து வந்தது? 1978-ல் பார்லிமெண்டு ஒரு வேலி போட்டது. தூக்குத் தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவனை, 14 ஆண்டு முழுசாக உள்ளே இருக்கும் முன் விடக்கூடாது என்றது. அதாவது 14 என்பது குறைந்தபட்சம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 475-வது பிரிவு.

வேலி இருக்கிறது. ஆனால் வேலிக்குப் பக்கத்திலேயே ஒரு வாசலும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 161-வது ஷரத்து, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைக் கவர்னருக்குக் கொடுத்திருக்கிறது. கவர்னர் என்றால் மந்திரி சபையின் யோசனைப்படி. சாதாரணச் சட்டம் போட்ட வேலி இந்த வாசலை அடைக்க முடியாது. மாரு ராம் வழக்கில் 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். கைதிகளின் பக்கம் இரக்கத்தோடு நின்றவர் என்று நாடே அறியும். 1948-ல் தாமே காவலில் இருந்தவர். 1957-ல் கேரளத்தில் ஜெயில் இலாகாவையும் பார்த்த மந்திரி. அவரே அந்தத் தீர்ப்பில் ஒரு எச்சரிக்கையும் வைத்தார். தன் பிறந்தநாள் என்றோ, தனக்குப் பிள்ளை பிறந்தது என்றோ ஒரு முதல்-அமைச்சர் ஜெயிலில் இருப்பவர்களை எல்லாம் திறந்துவிட்டால், அது அரசியல் சட்டத்தையே அவமதிப்பதாகும் என்ற கருத்தை எழுதிவைத்தார்.

தேதி பார்த்துத் திறக்கும் கதவு

ராஜாக்கள் காலத்தில் அதுதான் வழக்கம். அரசனின் ஜன்ம நட்சத்திரத்திலும், இளவரசன் பிறந்த நாளிலும் கைதிகளை விடுவிக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம். தமிழ்நாட்டில் மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே போனாள். சோழ மன்னனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக ஆக்கினாள்.

குடியரசிலும் இந்தப் பழக்கம் வேறு வேஷத்தில் தொடர்கிறது. இன்று இருக்கும் தலைவர்களின் பிறந்தநாள் இல்லை; மறைந்த தலைவர்களின் பிறந்தநாள். 2008 செப்டம்பர் 15-ந்தேதி அண்ணா நூற்றாண்டுப் பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாட்டில் 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். ஏழு ஆண்டு முடித்தவர்களுக்கே அப்போது வாசல் திறந்தது. 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, பத்து ஆண்டு முடித்தவர்கள் கட்டம் கட்டமாக வந்தார்கள். 2021-ல் மறுபடியும் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 பேரை விடுவிப்பதாக அறிவிப்பு. கழகங்கள் மாறின; கணக்கு மாறவில்லை.

இந்த உத்தரவுகளில் நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. சிலவகைக் குற்றங்களுக்கு இடம் கிடையாது. ஜெயிலில் நடத்தை பார்க்கிறார்கள். நன்னடத்தை அதிகாரி ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை தருகிறார். விடுதலையானவர்களில் எத்தனையோ பேர் பத்திரிகையில் பெயர் வராமல் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தேதி ஏன்? ஒருவன் திருந்துவது அண்ணா பிறந்தநாளுக்கு முந்தின நாள் என்று கணக்கு இருக்கிறதா? குறித்த தேதியில் ஒன்பது ஆண்டு பதினோரு மாதம் முடித்தவன் உள்ளே இருக்கிறான். பத்து ஆண்டு ஒரு நாள் ஆனவன் வெளியே போகிறான். அடுத்த தலைவரின் நூற்றாண்டு எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் மற்றவன் வேலை. ஜெயிலில் நல்லபடியாக நடந்துகொள்வதற்கு இது எந்த விதத்தில் தூண்டுதல்?

சேலத்தில் வந்த தீர்ப்பு

தேதி பார்த்துத் திறப்பதில் உள்ள சங்கடம் என்ன என்பதைத் தர்மபுரி பஸ் வழக்குக் காட்டியது.

2000 பிப்ரவரி 2-ந்தேதி தர்மபுரி இலக்கியம்பட்டியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ் கொளுத்தப்பட்டது. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த கலாட்டா அது. மூன்று மாணவிகள் உள்ளேயே கருகி இறந்தார்கள். கிருஷ்ணகிரியில் தொடங்கிய வழக்கில் சாட்சிகள் பல்டி அடித்தார்கள். பிறகு ஐகோர்ட்டு உத்தரவின்படி வழக்குச் சேலத்துக்கு வந்தது. 2007 பிப்ரவரியில் சேலம் செஷன்ஸ் கோர்ட்டு மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன. ஆனால் மறு ஆய்வில், கூட்டத்தின் வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல என்று கருதி, 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

2018 நவம்பரில் அந்த மூன்று பேரும் வேலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விடுதலையில்! கவர்னர் ஒருமுறை கோப்பைத் திருப்பி அனுப்பினார், மந்திரி சபை மறுபடியும் அனுப்பியது, கையெழுத்தாயிற்று.

இவர்கள் வெளியே வந்தால் இன்னொரு பஸ்ஸைக் கொளுத்துவார்கள் என்று யாரும் பயப்படவில்லை. மறுபடியும் குற்றம் செய்வார்களா என்பது அங்கே பிரச்சினையே அல்ல. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் பிரச்சினை. கட்சிக்காக நடந்த குற்றம். அதே கட்சி ஆட்சியில் இருக்கும்போது, அதே கட்சியின் ஸ்தாபகர் பெயரில் விடுதலை. இதில் சட்டப் பிழை இருக்கிறதா என்று வக்கீல்கள் வாதாடலாம். பார்க்கிறவர்கள் மனம் என்ன நினைக்கும்?

மதுரை ஜில்லா மேலவளவில் 1997-ல் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த முருகேசனும் மற்றும் சிலரும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கிலும் இதே நிலைதான். அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் விடுதலையானார்கள். கொல்லப்பட்டவர்களின் சொந்தக்காரர்களும் விடுதலையானவர்களும் ஒரே வட்டாரம். தெருவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியுமா?

குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்டு 15-ந்தேதி விட்டார்கள். பாதிக்கப்பட்ட அம்மாளே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024 ஜனவரி 8-ந்தேதி விடுதலை ரத்தாகி, எல்லோரும் மறுபடியும் ஜெயிலுக்குப் போனார்கள். அதிகாரம் இல்லாத மாநில சர்க்கார் விட்டுவிட்டது என்பது தீர்ப்பு.

யார் திரும்பி வருகிறார்கள்?

"கொலைகாரனை விட்டால் மறுபடியும் கொலை செய்வான்" என்ற பயம் இயற்கையானது. புள்ளிவிவரம் வேறு விதமாகப் பேசுகிறது.

1994-ல் அமெரிக்காவின் 15 மாநிலங்களில் விடுதலையான 2,72,111 கைதிகளை அந்த நாட்டுச் சர்க்கார் மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தது. நூற்றுக்கு 67 பேருக்கு மேல் ஏதாவதொரு குற்றத்துக்காக மறுபடியும் கைதானார்கள். யார் அதிகம்? கார் திருடர்கள், 78.8 சதவீதம். பூட்டை உடைத்துத் திருடுகிறவர்கள், 74 சதவீதம். கொலைக் குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தவர்கள் 40.7 சதவீதம்தான். அதிலும் மறுபடியும் கொலை வழக்கிலேயே கைதானவர்கள் 1.2 சதவீதம். அமெரிக்கா வேறு, நம் நாடு வேறு. கைதாவது வேறு, தண்டிக்கப்படுவது வேறு. இருந்தாலும் போலீஸ் வேலை பார்த்துப் பழகிய எவரையும் கேளுங்கள். கொலைகாரன் ஒருமுறை வருகிறான், திருடன் பலமுறை வருகிறான் என்றுதான் சொல்வார். வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கியவனுக்கு அந்த வரப்பு ஒன்றுதான் உலகம். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவன் நாற்பதுக்கு மேல் வெளியே வரும்போது, ரத்தத்தின் சூடு பாதி அடங்கியிருக்கும்.

இந்தியாவில் ஜெயில் கணக்குப்படி தண்டனைக் கைதிகளில், வழக்கமான குற்றவாளி என்று பதிவானவர்கள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. பட்டியலில் ஏறியவர்கள் இவ்வளவு சொற்பம். பட்டியலைப் பற்றிய பயமோ ஊர் முழுவதும்!

திருடனைப் பாருங்கள். ஒரு சந்தையில் சைக்கிளோ, செல்போனோ திருடி அகப்படுகிறான். விசாரணைக் கைதியாக ஆத்தூர் கிளை ஜெயிலிலோ, சேலத்திலோ சில மாதம் கிடக்கிறான். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களைக் கழித்து அனுப்பிவிடுவார்கள், ஒப்புக்கொள்கிறான். அது ஒரு தண்டனையாகக் கணக்கில் ஏறுகிறது. மூன்று மாதக் கைதிக்குத் தொழில் கற்றுக்கொடுக்க நேரமும் இல்லை. நன்னடத்தை அதிகாரி வீடு தேடிப் போவதும் இல்லை. எந்தத் தலைவரின் நூற்றாண்டும் அவனுக்குப் பயன்படாது. வெளியே வந்தால் பழைய முதலாளி சேர்க்க மாட்டார். அடுத்த திருட்டு எங்கே நடந்தாலும் அவனைத் தேடி ஜீப் வரும். நாலாவது முறை அவன் உண்மையிலேயே திருடினானா, இல்லையா என்பதுகூட யாருக்கும் முக்கியமில்லாமல் போய்விடுகிறது.

புதிய சட்டங்கள் இந்த ஏணியை இன்னும் செங்குத்தாக்கிவிட்டன. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஜெயிலுக்குப் பதில் சமூக சேவை செய்தால் போதும். நல்ல ஏற்பாடு. இரண்டாவது முறை திருடினால் குறைந்தது ஓராண்டு கட்டாயச் சிறை. விசாரணைக் கைதிக்கும் அப்படியே. முதல்முறைக் குற்றவாளி, உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் போகலாம்; ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குப் பாக்கி இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே இவ்வளவு பள்ளம் இருக்கும்போது, எத்தனை வழக்குகளில் ஒருவன் பெயர் சேர்க்கப்படுகிறது என்பது அவன் தலையெழுத்தையே நிர்ணயித்துவிடுகிறது. சேர்க்கும் பேனாவோ போலீஸ் நிலையத்தில் இருக்கிறது.

குண்டர் சட்டம் என்று ஒன்று உண்டு, 1982-ல் வந்தது. வழக்கமாகக் குற்றம் செய்கிறவன் என்று கலெக்டரோ, கமிஷனரோ எழுதினால், விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். இந்த உத்தரவுகளில் ஏராளமானவை ஐகோர்ட்டில் ரத்தாகின்றன. கைதி கொடுத்த மனுவைக் கவனிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை என்பது போன்ற காரணங்கள். உண்மையான ரவுடி நல்ல வக்கீல் வைத்து நாலு மாதத்தில் வெளியே வந்துவிடுகிறான். இதுவும் ஒரு வகை முன்கூட்டிய விடுதலைதான். யாரும் திருந்தினான் என்று பார்த்து விடுவதில்லை, கோப்புப் பிழை பார்த்து விடுகிறார்கள்.

பழைய புத்தி

இந்த மாகாணத்துக்கு இந்த விஷயத்தில் புத்தி இல்லாமல் இல்லை. இளங்குற்றவாளிகளை வளர்ந்த கைதிகளோடு சேர்க்காமல் தனியே வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லிக்கொடுக்க, 1925-லேயே போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் இங்கே வந்தது. முதல் குற்றத்துக்கு ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் விடும் சட்டம் 1936-லேயே சென்னைக்கு உண்டு. நாடு முழுவதற்கும் அந்த மாதிரிச் சட்டம் வந்தது 1958-ல்தான். 1919-20-ல் இந்திய ஜெயில்களை ஆராய்ந்த கமிட்டிக்குத் தலைவராக இருந்ததும் சென்னை சர்க்கார் அதிகாரியான கார்டியூ துரைதான். கைதியைப் பயமுறுத்துவது மட்டும் போதாது, சீர்திருத்துவதும் ஜெயிலின் வேலை என்று அந்தக் கமிட்டி எழுதியது.

எழுதியது எழுதியபடி இருக்கிறது. இன்று தமிழ்நாட்டு ஜெயில்களில் கைதிகள் பெட்ரோல் பங்கு நடத்துகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், துணி நெய்கிறார்கள். கூலியில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் நிதிக்குப் போகிறது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் நீண்ட காலத் தண்டனைக் கைதிக்குத்தான் இவை எட்டும். அடிக்கடி வந்துபோகும் சில்லறைத் திருடனுக்கு எட்டாது. சீர்திருத்தம் யாருக்கு அதிகம் தேவையோ, அவன் கையில் அது கிடைப்பதில்லை.

விடுதலையை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கும் வழி தெரியாமல் இல்லை. லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு சில கேள்விகளைக் கொடுத்தது. அந்தக் குற்றம் தனிப்பட்ட தகராறா, சமூகத்தையே பாதிப்பதா? மறுபடியும் செய்ய வாய்ப்பு உண்டா? செய்யும் சக்தியாவது அவனிடம் மிச்சம் இருக்கிறதா? இன்னும் உள்ளே வைத்திருப்பதால் பயன் என்ன? அவன் குடும்பத்தின் நிலை என்ன? இவை ஒவ்வொரு ஆளாகக் கேட்க வேண்டிய கேள்விகள். ஆயிரம் பேரை ஒரே நாளில் விடும்போது கேட்க முடியாதவை. இந்தப் பட்டியலில் ஆறாவதாக, "பறிகொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்பதையும் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2025 பிப்ரவரி 18-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு நல்ல காரியம் செய்தது. முன்கூட்டி விடுதலை செய்வதற்கு விதி வைத்திருக்கும் மாநிலங்கள், தகுதியான கைதி மனுப் போட்டாலும் போடாவிட்டாலும், உரிய காலத்தில் தாமாகவே பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் வைக்க வழியில்லாத ஏழைக் கைதிக்கு இது பெரிய வரம். இதை ஒழுங்காக நடத்தினால், நூற்றாண்டு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ஜெயிலிலும் மாதாமாதம் நாலைந்து பேரின் கோப்பை எடுத்து, ஆளையும் நேரில் அழைத்துப் பார்த்து, பாதிக்கப்பட்ட வீட்டாருக்கும் கடிதம் போட்டுக் கேட்டு, இரண்டு பக்கத்தில் காரணம் எழுதித் தீர்மானிக்கலாம். கூட்டமும் கூடாது, கொட்டகையும் வேண்டாம்.

சில்லறைத் திருடனுக்கு வேண்டியது அதைவிடக் குறைவு. 1936-ல் சட்டம் சொன்ன அந்த நன்னடத்தை அதிகாரிதான். அவன் ஜெயில் வாசலுக்கு வெளியே வரும் அன்று அவர் அங்கே இருக்க வேண்டும். சேகோ ஆலையிலோ, பாக்கு மண்டியிலோ, "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி ஒரு வேலை வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த ஊரில் பூட்டு உடைந்தால், அன்று ராத்திரி அவன் வேலையில் இருந்தான் என்று சொல்ல அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் இருக்கும் ரிஜிஸ்தருக்குப் பதில் சொல்ல, இன்னொரு ரிஜிஸ்தர்.